ஒரு பேய்க்கதை எத்தனை கை மாறுகிறது?

தமிழில் நாவல் எழுதி முடித்தவர் நேரே பதிப்பாளருக்குப் போன் போடலாம். புத்தகக் காட்சியில் அவருடைய ஸ்டாலுக்கே போய்ப் பிரதியைக் கையில் கொடுக்கலாம். நடுவில் ஆள் கிடையாது. நியூயார்க்கிலும் லண்டனிலும் நிலைமை வேறு. அங்கே பெரிய பதிப்பகங்கள் பெரும்பாலும், எழுத்தாளர் தாமாக அனுப்பும் நாவலைப் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை. இலக்கிய முகவர் ஒருவர், அதாவது ஏஜென்ட், கொண்டுவந்தால்தான் படிப்பார்கள். இங்கிருந்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கும், டொரண்டோவிலோ லண்டனிலோ வளர்ந்து ஆங்கிலத்தில் எழுத வந்திருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இந்த ஏஜென்டைத் தாண்டித்தான் வழி. அதிலும் பேய்க்கதையும் ஃபேன்டஸியும் எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி ஓயாமல் இருக்கும்: அந்த மனிதர் எதைத்தான் தேடுகிறார்? நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம். டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள்.

ஏஜென்டின் பிழைப்பு எப்படி நடக்கிறது என்பது தெரிந்தால்தான் மற்றது புரியும். லண்டனில் ஏ. பி. வாட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் இந்தத் தொழிலை நிலைநிறுத்தினார். எழுத்தாளருக்கு வருகிற பணத்தில் 10 சதவீதம் அவருக்கு. இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வழக்கமான கமிஷன் 15 சதவீதம். வெளிநாட்டு உரிமைகளுக்கும் மொழிபெயர்ப்புக்கும் 20. புத்தகம் விலைபோனால்தான் கமிஷன். ஒரு முதல் நாவலுக்கு 10,000 டாலர் அட்வான்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்டின் பங்கு 1,500 டாலர். அதுவும் மொத்தமாக வராது. கையெழுத்துப் போடும்போது கொஞ்சம், திருத்திய பிரதியைப் பதிப்பகம் ஏற்றுக்கொள்ளும்போது கொஞ்சம், புத்தகம் வெளிவரும்போது மீதி.

இந்தப் பணத்துக்கு அவர் அந்த நாவலைத் திரும்பத் திரும்பப் படித்துத் திருத்தம் சொல்ல வேண்டும். எந்த எடிட்டருக்கு எது பிடிக்கும் என்று தெரிந்து அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தின் ஷரத்துக்களுக்காக மல்லுக்கட்ட வேண்டும். பின்னால் வரும் ராயல்டிக் கணக்கைச் சரிபார்க்க வேண்டும். பகல் பொழுது, ஏற்கெனவே தம்மிடம் இருக்கும் எழுத்தாளர்களுக்கே சரியாகப் போய்விடும். புதியவர்களின் கடிதங்களைப் பார்ப்பது பெரும்பாலும் ராத்திரியிலும் சனி ஞாயிறிலும்தான். 'பரவாயில்லை, நன்றாக எழுதுகிறார்' என்ற அளவு விருப்பத்தை வைத்துக்கொண்டு இத்தனை வேலையை இழுத்துப் போட்டுக்கொள்ள யாராலும் முடியாது. ஏஜென்டிடமிருந்து 'எனக்குச் சரிவராது' என்று பதில் வந்தால், பல சமயம் அதன் அர்த்தம் இவ்வளவுதான்: இந்தக் கதைக்காக இரண்டு வருஷம் அலைய என் மனசு ஒப்பவில்லை.

அலைச்சல் என்று சொன்னேன். அதன் வழித்தடத்தைப் பாருங்கள். ஏஜென்ட் ஒரு எடிட்டரிடம் கதையைச் சொல்கிறார். எடிட்டருக்குப் பிடித்தால் மட்டும் போதாது. பதிப்பகத்தின் கூட்டத்தில், நாவலை முழுக்கப் படித்திராத விற்பனைப் பிரிவுக்காரர்களிடம் அவர் அதைச் சொல்லியாக வேண்டும். விற்பனைப் பிரதிநிதி புத்தகக்கடைக்குப் போய்க் கொள்முதல் செய்பவரிடம் சொல்கிறார். கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்கிறார். இவர்கள் ஒவ்வொருவருக்கும் கிடைப்பது ஒரு நிமிஷம், இரண்டு வாக்கியம். அதனால் ஏஜென்ட் உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே அவர் மனசில் ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும்: இதை நான் இன்னொருவரிடம் சொன்னால், கேட்பவரின் முகம் மாறுமா? திகிலிலும் ஃபேன்டஸியிலும் அவர் முதலில் தேடுவது இதைத்தான் என்பது என் தீர்மானமான எண்ணம். நல்ல நடை, பாத்திரப் படைப்பு எல்லாம் வேண்டியவைதான். ஆனால் கை மாறும்போது கலையாத ஒரு கரு இருந்தால்தான் அவையெல்லாம் வாசகரிடம் போய்ச் சேர வழி பிறக்கும்.

உலகமே அறிந்த உதாரணம் ஒன்று. 1995-இல் ஜே. கே. ரௌலிங் தம் முதல் ஹாரி பாட்டர் நாவலின் தொடக்க அத்தியாயங்களை லண்டனில் கிறிஸ்டஃபர் லிட்டில் என்ற ஏஜென்டின் அலுவலகத்துக்கு அனுப்பினார். அந்த அலுவலகம் குழந்தைகள் புத்தகம் எடுக்கிற இடம் இல்லை. பிரதி நிராகரிப்புக் குவியலுக்குப் போய்விட்டது. அங்கே உதவியாளராக இருந்த பிரையனி எவன்ஸ் என்ற இளம்பெண்ணின் கண்ணில் அதன் கறுப்பு நிற ஃபோல்டர் பட்டது. எடுத்துப் படித்தார், பிடித்தது, மீதியையும் வரவழைக்கச் சொன்னார். அதற்குப் பிறகும் ஒரு டஜன் பதிப்பகங்கள் வேண்டாம் என்றன. கடைசியாக ப்ளூம்ஸ்பரிக்குப் போனபோது, அதன் தலைவர் நைஜல் நியூட்டன் முதல் அத்தியாயத்தை வீட்டுக்கு எடுத்துப்போய் எட்டு வயது மகள் ஆலிஸிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு அடுத்தது எங்கே என்று கேட்டாள். 1997-இல் புத்தகம் வந்தது. ஒரு உதவியாளர், ஒரு ஏஜென்ட், ஒரு பதிப்பாளர், ஒரு சிறுமி. நீங்கள் அனுப்பும் கடிதத்தை முதலில் திறப்பவரும் அநேகமாக அப்படி ஒரு உதவியாளராகத்தான் இருப்பார். அவர் தம் மேலாளரிடம் போய்ச் சொல்வதற்கு ஏற்ற இரண்டு வரியை நீங்கள்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த இரண்டு வரி எப்படி இருக்கும்? கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். ஏஜென்டுக்கு அனுப்பும் அறிமுகக் கடிதத்தைக் குவெரி என்பார்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. அதில் கதையைச் சொல்லும் பகுதியைப் பலர் இந்த மாதிரி எழுதுகிறார்கள்:

'ஒதுக்குப்புறமான ஒரு கிராமம். பல தலைமுறைகளாகப் புதைந்து கிடந்த ஒரு ரகசியம். தீய சக்தி ஒன்று விழித்துக்கொள்ளும்போது, நாயகி தன் கடந்தகாலத்தை எதிர்கொள்ள வேண்டியதாகிறது. நேரம் கடந்துவிடுமா?'

இதில் தப்பு என்று ஒன்றுமில்லை. ஆனால் கையில் பிடித்துக்கொள்ளவும் ஒன்றுமில்லை. எந்தக் கிராமம், என்ன ரகசியம், அந்த சக்தி என்ன செய்யும்? ஆயிரம் நாவலுக்கு இதே வரிகளை ஒட்டலாம். இப்போது அதே கதையை வேறு விதமாகச் சொல்கிறேன். இந்த விளக்கத்துக்காக நானே கட்டிய கதைதான். ஆனால் அதில் வரும் வழக்கம் நிஜமானது. இங்கிலாந்தில் பல ஊர்த் தேவாலயங்களில் முன்பெல்லாம் யாராவது இறந்தால் மணி அடித்துச் சொல்வார்கள். ஆண் என்றால் ஒன்பது அடி, பெண் என்றால் ஆறு, அதற்குப் பிறகு இறந்தவரின் வயது எத்தனையோ அத்தனை அடி.

'அப்பா போன பிறகு மணிக்கூண்டின் சாவி மகளிடம் வந்திருக்கிறது. ஒரு ராத்திரி, கயிற்றை யாரும் தொடாமலே மணி அடிக்கிறது: ஒன்பது, பிறகு எழுபத்தொன்று. மறுநாள் ஊரில் எழுபத்தொரு வயதுக்காரர் ஒருவர் சாகிறார். அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை மணி ஆறு அடிக்கிறது, பிறகு முப்பத்துநான்கு. அது அவள் வயது. ஊரில் அந்த வயதில் இன்னும் ஒரே ஒருத்தி இருக்கிறாள். சின்ன வயதிலிருந்து அவளோடு கூடவே வளர்ந்த சிநேகிதி.'

இதைப் படித்தவர் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லாமல் இருக்க மாட்டார். ஏன்? முதலாவது, பயத்துக்கு ஒரு விதி வந்துவிட்டது. விதி வந்ததும் வாசகரும் மணியடியை எண்ணத் தொடங்கிவிடுவார். முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று என்று எண்ணும்போதே வயிற்றைப் பிசையும். இரண்டாவது, அந்தப் பயம் குறிப்பிட்ட ஒருத்தியைக் குறிவைத்து வருகிறது. மூன்றாவதுதான் ஏஜென்ட் உண்மையில் எதிர்பார்ப்பது: அவள் இப்போது ஏதாவது செய்தாக வேண்டும், எதைச் செய்தாலும் விலை உண்டு. தப்பிக்க வேண்டும் என்று நினைத்தாலே அது சிநேகிதி சாகட்டும் என்று நினைப்பதாகிவிடும். பேய் வரட்டும், வராமல் போகட்டும், அந்த எண்ணமே போதும் ஒரு நாவலை நடத்திக்கொண்டு போக. முடிவு என்ன என்பதைக் குவெரியில் சொல்ல வேண்டியதில்லை. அதற்குக் கதைச்சுருக்கம் என்று தனியாக ஒன்று கேட்பார்கள். அதில் முடிவை மறைக்கவே கூடாது. முடிச்சை அவிழ்க்கத் தெரிந்தவரா என்று பார்ப்பதற்காகத்தான் அதைக் கேட்கிறார்கள்.

திகில் கதையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். ரத்தமும் அலறலும் கூடக்கூடப் பயமும் கூடும் என்ற நம்பிக்கை எழுதத் தொடங்குகிறவர்களிடம் இருக்கிறது. நிலைத்து நிற்கும் திகில் நாவல்களைப் பிரித்துப் பாருங்கள். பேய்க்கு அடியில் பேய் இல்லாமலே பயமாக இருக்கக்கூடிய ஒன்று இருக்கும். ஸ்டீபன் கிங்கின் 'கேரி'யை எடுத்துக்கொண்டால், மனசால் பொருட்களை அசைக்கும் சக்தியை நாயகி கேரி பயன்படுத்தத் தொடங்குவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக் குளியலறையில் மற்றப் பெண்கள் அவளைப் படுத்துகிற பாடு வந்துவிடுகிறது. 'த ஷைனிங்'கில் ஆளில்லாத ஹோட்டலுக்கு முன்னால், குடிப்பழக்கத்தோடு போராடும் ஒரு அப்பாவைப் பார்த்துப் பிள்ளை பயப்படுகிறது. வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் எழுதிய 'த எக்ஸார்சிஸ்ட்'டில், பேயோட்டப் பாதிரியாரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு டாக்டர் டாக்டராக அலைகிறாள், யாருக்கும் என்ன வியாதி என்று தெரியவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காத ராத்திரியைப் பார்த்த எவருக்கும் அந்தப் பக்கங்கள் புரியும். ஏஜென்ட் தேடுவது இந்த அடித்தளத்தை. உங்கள் பேயை ஒரு நிமிஷம் கதையிலிருந்து எடுத்துவிட்டுப் பாருங்கள். மிச்சம் இருப்பதில் ஒரு பயம் இருக்கிறதா?

'கேரி'யின் கதையில் ஏஜென்டுகளின் வேலைக்கும் ஒரு சாட்சி இருக்கிறது. 1974-இல் டபுள்டே அதை வெளியிட்டது. கிங்குக்குக் கிடைத்த அட்வான்ஸ் 2,500 டாலர். பேப்பர்பேக் உரிமை மட்டும் 4,00,000 டாலருக்குப் போனது. ஆனால் ஒப்பந்தப்படி அதில் சரிபாதி பதிப்பகத்துக்கு. அப்போது கிங்குக்கு ஏஜென்ட் கிடையாது. பிறகு கிர்பி மெக்காலி என்பவர் அவருக்கு ஏஜென்டாக வந்தார். ஜார்ஜ் ஆர். ஆர். மார்டினுக்கும் ஏஜென்டாக இருந்தவர் அவர்தான். 'டார்க் ஃபோர்சஸ்' என்ற திகில் கதைத் தொகுப்பை 1980-இல் தாமே தொகுத்தார். இப்படிப்பட்ட ஆளைத்தான் தேடிப்பிடிக்க வேண்டும். பேய்க்கதை என்றால் இளக்காரமாகப் பார்க்காதவர், இந்த வகையில் முன்னால் என்ன வந்திருக்கிறது என்று விரல்நுனியில் வைத்திருப்பவர். சமையல் புத்தகமும் சுயசரிதையும் மட்டும் விற்கிற ஏஜென்டுக்கு உங்கள் நாவலை அனுப்பினால் இருவருக்கும் நேரம்தான் வீண்.

முதல் பக்கங்களுக்கு வருவோம். அமெரிக்க ஏஜென்டுகள் கடிதத்தோடு முதல் ஐந்து பக்கமோ பத்துப் பக்கமோ கேட்பார்கள். பிரிட்டனில் பெரும்பாலும் முதல் மூன்று அத்தியாயங்கள். தூக்கத்திலிருந்து எழுந்து கண்ணாடி பார்க்கும் நாயகி, கனவு, பெயரில்லாத ஒருவர் காட்டுக்குள் கொலையாகும் முன்னுரை, ஆயிரம் வருஷத்து ராஜவம்ச வரலாறு. இந்த நாலையும் அவர்கள் பார்த்துப் பார்த்துச் சலித்திருக்கிறார்கள். இவற்றில் கனவு திகில் கதைக்கு மிகவும் கெடுதல். ஒரு தடவை பயமுறுத்திவிட்டு 'எல்லாம் கனவு' என்று சொல்லிவிட்டால், அடுத்த தடவை நிஜமாகப் பயமுறுத்தும்போது வாசகர் உங்களை நம்ப மாட்டார். ஒரு சாதாரணமான காரியம் நடந்துகொண்டிருக்க வேண்டும், அதில் ஏதோ ஒன்று இடம் மாறியிருக்க வேண்டும். அது போதும்.

ஃபேன்டஸிக்கு வேறொரு நோய். எழுதுகிறவருக்குத் தம் உலகத்தின் மேல் உள்ள காதல் கதையின் மேல் இருப்பதில்லை. வரைபடம், நாணயம், பன்னிரண்டு குலங்கள், அவற்றின் கொடிகள் எல்லாம் தயார். யாருக்கு என்ன வேண்டும் என்பது மட்டும் நூறாம் பக்கம் வரை தெரியாது. உர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ'யில் தீவுகளும் கடல்களும் நிறைந்த ஒரு முழு உலகம் இருக்கிறது. ஆனால் நமக்கு ஞாபகம் நிற்பது கெட் என்ற பையன். அகங்காரத்தில், போட்டிக்காகச் செய்யக்கூடாத மந்திரத்தைச் செய்து ஒரு நிழலை அவிழ்த்துவிடுகிறான். அப்புறம் அது அவனைத் துரத்துகிறது. மந்திரத்துக்கு விலை இருக்கிறது, அந்த விலை அவன் குணத்திலிருந்தே பிறக்கிறது. ஃபேன்டஸி எழுத்தாளர் பிராண்டன் சாண்டர்சன் மந்திரத்தைப் பற்றி எழுதுகிறவர்களுக்கு இன்னொரு விதி சொல்லியிருக்கிறார்: மந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று வாசகருக்கு எவ்வளவு புரிந்திருக்கிறதோ, அந்த அளவுக்குத்தான் கதையின் சிக்கலை மந்திரத்தால் தீர்க்கலாம். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று ஒரு புது சக்தி வந்து எல்லோரையும் காப்பாற்றினால் ஏஜென்ட் பிரதியை மூடிவிடுவார்.

நீளமும் ஒரு பெரிய விஷயம். பெரியவர்களுக்கான முதல் ஃபேன்டஸி நாவல் என்றால் 90,000 முதல் 1,20,000 வார்த்தை வரை இருக்கலாம். திகில் நாவலுக்கு 70,000 முதல் 90,000 வரை. 2,50,000 வார்த்தையில் ஒரு பிரதி வந்தால் கதை எப்படியிருந்தாலும் பலர் திறக்க மாட்டார்கள். காகிதம், அச்சு, பைண்டிங், கப்பல் செலவு எல்லாம் பக்கத்துக்குப் பக்கம் ஏறும். பெயர் தெரியாத எழுத்தாளரின் புத்தகத்துக்கு அதற்கு ஏற்ப விலையை ஏற்ற முடியாது. டோல்கீனின் 'த லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' 1954-லும் 1955-லும் மூன்று பாகமாகப் பிரிந்து வந்ததற்கே போருக்குப் பிந்தைய காகித விலை ஒரு காரணம். அதே கணக்கில்தான், முதல் புத்தகம் தன்னளவில் முடிய வேண்டும், தொடர்ந்து எழுத இடமும் இருக்க வேண்டும் என்கிறார்கள். முதல் பாகம் போணியாகாவிட்டால் இரண்டாம் பாகத்தை வாங்க ஆள் இருக்காது. ஏழு பாகத்தின் முதல் பாகம் இது, கதை மூன்றாம் பாகத்தில்தான் சூடுபிடிக்கும் என்று கடிதத்தில் எழுதுவது தனக்குத்தானே கதவைச் சாத்திக்கொள்வது.

கடிதத்தில் உங்கள் நாவலை எந்தப் புத்தகங்களோடு சேர்த்து வைக்கலாம் என்றும் எழுதச் சொல்வார்கள். மூன்று, நான்கு வருஷத்துக்குள் வந்த ஒன்றிரண்டு போதும். ஹாரி பாட்டரையும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்'ஸையும் போடாதீர்கள். விற்பனைப் பிரதிநிதிக்குத் தெரிய வேண்டியது, இன்று கடையில் இந்தப் புத்தகம் எந்த அலமாரியில், எதற்குப் பக்கத்தில் நிற்கும் என்பது. பழைய பிரம்மாண்ட வெற்றிகள் அந்தத் தகவலைத் தராது, அண்மையில் எதுவும் படிக்கவில்லை என்பதைத்தான் காட்டும்.

நம் ஊர் முனியையும் மோகினியையும் வைத்து எழுதினால் அங்கே எடுபடுமா என்ற சந்தேகம் பலருக்கு இருக்கிறது. எடுபடும். இன்று பல ஏஜென்டுகள் பிற பண்பாட்டுத் தொன்மங்களை வெளிப்படையாகவே கேட்கிறார்கள். சில்வியா மொரேனோ-கார்சியாவின் 'மெக்சிகன் காதிக்'கும், பிளாக்ஃபீட் பழங்குடியைச் சேர்ந்த ஸ்டீபன் கிரகாம் ஜோன்ஸின் 'த ஒன்லி குட் இண்டியன்ஸ்'ஸும் ஒரே வருஷம், 2020-இல், வந்து பெரிய வாசகர் கூட்டத்தைச் சேர்த்தவை. ஜோன்ஸின் நாவலில் நாலு நண்பர்கள் செய்யக்கூடாத இடத்தில் செய்த ஒரு எல்க் மான் வேட்டை அவர்களைப் பல வருஷம் கழித்துத் துரத்துகிறது. வேட்டையும் குற்றவுணர்ச்சியும் யாருக்கும் புரியும். அந்தச் சமூகத்தின் வாழ்க்கை அதற்குள்ளேயே வந்துவிடுகிறது.

இன்னும் பக்கத்தில் ஓர் உதாரணம், இலங்கை எழுத்தாளர் ஷெஹான் கருணாதிலகவின் ஒரு நாவல். கொலையுண்ட புகைப்படக்காரர் ஒருவர் 1990-இல் கொழும்பில், செத்துப்போன நிலையில், அரசு அலுவலகம் மாதிரி நெரிசலான மறுலோகத்தில் கண் விழிக்கிறார். தாம் ஒளித்துவைத்த படங்களை வேண்டியவர்களிடம் சேர்க்க அவருக்கு ஏழு நிலவுகள், அதாவது ஏழு ராத்திரிகள், அவகாசம். இந்த நாவல் 2020-இல் இந்தியாவில் 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் வெளிவந்தது. வெளிநாட்டு வாசகர்களுக்கு இலங்கை அரசியலும் இந்த மறுலோகமும் பிடிபடாது என்று வெளிநாட்டுப் பதிப்பகங்களிடம் தயக்கம் இருந்தது. சார்ட் ஆஃப் புக்ஸ் என்ற சின்னப் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. ஆசிரியர் எடிட்டரோடு உட்கார்ந்து நாவலை மறுபடி செப்பனிட்டார். 'த செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேதா' என்று 2022-இல் வந்து அதே வருஷம் புக்கர் பரிசு வாங்கியது. ஏழு நிலவு என்ற கெடுவைக் கவனியுங்கள். இலங்கையைப் பற்றி ஒன்றும் தெரியாதவருக்கும் அந்தக் கெடு புரியும், அதைப் பிடித்துக்கொண்டு மீதிக்குள் போய்விடலாம். உங்கள் முனிக்கும் அப்படி ஒரு கைப்பிடி வைத்துக் கொடுங்கள். ஊர்ப் பெயரையும் பலகாரத்தையும் அடிக்கடி நிறுத்தி விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். கதை ஓடினால் வாசகர் தாமே பிடித்துக்கொள்வார்.

நாவலை முழுக்க முடித்துத் திருத்திய பிறகே கடிதம் அனுப்ப வேண்டும். பல ஏஜென்டுகளுக்கு ஒரே சமயத்தில் அனுப்பலாம், அது அங்கே முறைகேடு இல்லை. பதில் வர மாதக்கணக்காகும், சிலரிடமிருந்து வரவே வராது. பிடித்தால் முழுப் பிரதியும் கேட்பார்கள். அந்த இடைவெளியில் அடுத்த நாவலைத் தொடங்கிவிடுவது நல்லது. சாண்டர்சனின் முதல் புத்தகமாக வந்த 'இலாண்ட்ரிஸ்' அவர் எழுதிய ஆறாவது நாவல். அதை வாங்கிக்கொள்கிறோம் என்று டோர் பதிப்பகத்திலிருந்து 2003-இல் தகவல் வந்தபோது அவர் பதின்மூன்றாவதை எழுதிக்கொண்டிருந்தார்.

படிப்பதற்குக் கட்டணம், பதிவுக் கட்டணம், எடிட்டிங் செலவு என்று எந்தப் பெயரில் ஒரு ஏஜென்ட் உங்களிடம் பணம் கேட்டாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேர்மையான ஏஜென்டுக்குப் பணம் கமிஷனிலிருந்து மட்டுமே வரும்.

எல்லாம் கூடிவந்து ஒரு ஏஜென்ட் பேச வேண்டும் என்று கூப்பிட்டால், சந்தோஷத்தில் உடனே தலையாட்டிவிடாதீர்கள். உங்கள் நாவலை வைத்திருக்கும் மற்ற ஏஜென்டுகளுக்குத் தெரிவித்துவிட்டு முடிவு சொல்ல இரண்டு வாரம் அவகாசம் கேட்பது அங்கே வழக்கம்தான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். போனில் சில விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தெந்த எடிட்டர்களுக்கு அனுப்ப நினைக்கிறீர்கள்? என்னென்ன மாற்றம் வேண்டும் என்கிறீர்கள்? அடுத்து நான் பேயே இல்லாத நாவல் எழுதினாலும் எனக்கு ஏஜென்டாக இருப்பீர்களா? நமக்குள் ஒத்துவராவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து எப்படி விலகுவது? கடைசியாக, உங்கள் கதையை ஒரு எடிட்டரிடம் எப்படிச் சொல்வார் என்று அவரையே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.